பிள்ளைக் கதிரையைச் சுற்றிய பொலித்தீன்

கண்டி வாவிக் கரையில் வாகனங்கள் நெரிபட்டு நின்ற ஒரு காலையில், என் தம்பி ஸ்டியரிங்கை விட்டுப் பின்னால் திரும்பித் தன் மகளைத் தொடையில் ஓங்கி அறைந்தான். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. அந்தச் சத்தம் வெளியே போக வழியில்லாமல் எங்கள் காதுக்குள்ளேயே நின்றது. பிள்ளைக்கு மூன்று வயது. அவளுக்கென்று காரின் பின்சீட்டில் பூட்டியிருந்த கதிரையில் உட்கார்ந்தபடியே ஒண்ணுக்குப் போய்விட்டாள். அதுதான் குற்றம்.

பிள்ளை உடனே அழவில்லை. வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தொடையில் அவன் விரல்கள் சிவப்பாக எழும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

"ஏன்டா, ஒனக்குக் கை வெளங்குமாடா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. மத்தியானம் ஹோட்டல்ல இருந்து வெள்ளக்காரங்கள ஏத்தணும். இந்த நாத்தத்துல ஏறுவாங்களா?"

"அதுக்குப் புள்ளய அறைவியா?"

"அறைஞ்சாத்தான் அடுத்த தடவ அடக்குவா."

பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னை அமுக்கிப் பிடித்தான். தம்பி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே போட்டு, அவன் தாயை இழுத்துச் சிங்களத்தில் ஏசிவிட்டு வண்டியை எடுத்தான். முன்சீட்டில் அவன் பெண்சாதி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி இருந்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள். கடையில் நாள் முழுக்கச் சிரித்த முகமாக நிற்க வேண்டும்.

அவன் எங்கள் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. அவன் பிறந்தபோது எனக்குக் கலியாண வயது. நான் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, பென்சன் வாங்கிய பிறகுதான் அம்பிட்டியவில் இருக்கும் அவன் வீட்டுக்கு வந்தேன். நானாக வரவில்லை. பிந்திக் கலியாணம் முடித்து, பிந்திப் பிறந்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று புருஷனும் பெண்சாதியும் வந்து கெஞ்சினார்கள், வந்தேன். காலையில் எல்லாரும் ஒரே காரில் போவோம். பெண்சாதி கடையில் இறங்குவாள், பிள்ளை பாலர் பள்ளியில் இறங்குவாள், அவன் ஹயர் பார்க்க, வாடகைக்கு ஆள் ஏற்றப் போவான். நான் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், பள்ளி விடும்வரை வாசலில் இருந்து, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவேன்.

அந்தப் பிள்ளைக் கதிரை எங்கள் பிள்ளைக்காக வாங்கியது இல்லை. கைக்குழந்தையோடு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அது இல்லாத காரில் ஏற மாட்டார்கள். அதனால் தம்பி யாரோ பாவித்து விட்ட ஒன்றைத் தேடி வாங்கினான். அது வந்த பிறகு ஹயர் கூடியது. ஹயர் இல்லாத நேரத்தில் மகளை அதில் ஏற்றினான். பிள்ளையை வார் போட்டுக் கட்டி உட்கார வைத்து ஓட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. தோட்டத்தில் நாங்கள் லொறியின் பின்னால் நின்றுகொண்டு போனவர்கள்.

பாலர் பள்ளியில் நெப்கின் கட்டிய பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள். அவளுக்கென்று ஒரு மஞ்சள் சட்டி வாங்கி வைத்திருந்தோம். தானாகப் போய் உட்காருவாள், முடித்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். காரில்தான் கஷ்டம். அம்பிட்டிய ரோட்டின் வளைவும் குலுக்கலும் ஒரு பக்கம், காலைக் குளிர் ஒரு பக்கம், வாவிக் கரையில் நகராமல் நிற்பது ஒரு பக்கம். அறை விழுந்த பிறகு இன்னும் மோசம். அவன் கழுத்தைத் திருப்பினாலே போதும், பிள்ளை நனைத்துவிடுவாள். அடித்தால் அடக்குவாள் என்று அவன் நினைத்தான். அடி வரப்போகிறது என்ற பயத்தில்தான் அவளுக்கு அவிழ்ந்தது. இதை நான் அவனிடம் எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறவில்லை.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். முதலில் பழைய சேலையை மடித்துப் பிள்ளைக்கு அடியில் வைத்தேன். பிள்ளை உயர்ந்துவிட்டாள், வார் தோளில் நிற்காமல் தொளதொளவென்று கிடந்தது. அது சரியில்லை என்று அன்றே எடுத்துவிட்டேன். பிறகு ரப்பர் விரிப்பைப் பிள்ளைக் கதிரைக்கு அடியில், கார் சீட்டின் கிழிந்த உறைக்கு மேல் போட்டேன். அதனால் காரின் சீட் தப்பியது. ஆனால் பிள்ளைக் கதிரையின் துணியும் ஸ்பொஞ்சும் ஊறும். துணியைக் கழற்றிக் கல்லில் அடித்துத் துவைப்பேன். ஸ்பொஞ்சை என்ன செய்ய? கண்டி மழைக்கு எதுவுமே காயாது. அதைவிட மோசம், இரண்டு காலுக்கும் நடுவில் வருகிற வார். எல்லாம் நேராக அதில்தான் போய்ச் சேரும். அதைக் கழற்றவும் முடியாது. துணியை நனைத்து நனைத்துத் துடைத்தாலும் வெயில் ஏறினால் மணம் கிளம்பும்.

ஒரு நாள் ஹோட்டல் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் குழந்தையை அந்தக் கதிரையில் வைக்கக் குனிந்தவள், முகத்தைச் சுளித்து நிமிர்ந்து, வேறு வாகனத்தில் ஏறிப் போய்விட்டாள். ஹோட்டல்காரரும் இனி அவனைக் கூப்பிட மாட்டேன் என்றாராம்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்த வரவு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கதவை உதைத்துத் திறந்தான். மூலையில் இருந்த மஞ்சள் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அது உடைந்து துண்டு துண்டாகப் பறந்து, ஒரு துண்டு சாமி படத்துக் கண்ணாடியில் பட்டுக் கண்ணாடியும் போனது. பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள். அவள் நின்ற இடத்தில் ஈரம்.

"அடிக்கத்தான் புள்ள பெத்தோமா?" என்று அவன் பெண்சாதி கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் அவள் கன்னத்தில் விழுந்தது. தோடு தெறித்துப் போனது.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். நல்ல கித்துள் மரக் கட்டை போட்ட விளக்குமாறு. அடித்தேன். முதுகில் ஒன்று, கை நீட்டினான், கையில் ஒன்று. அறுபது கடந்தவள் என்ன அடித்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். கூடை சுமந்த தோள் இது.

"என்னடா பாக்குற? மூணு வயசுப் புள்ள நனைக்குதுன்னு அடிக்க வந்துட்டான் பெரிய ஆம்பள. ஏழு வயசு வரைக்கும் லயத்து வீட்டுல என் பாயயும் சேத்து நனைச்சவன்டா நீ!"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் பெண்சாதிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் காதில் அது விழுந்தது. என் அடியைவிட அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கொத்தியிருக்க வேண்டும். நேரே போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு அக்குறணைக்குப் போனான். அங்கே ஒரு கடையில் மேசைக்குப் போடுகிற தடித்த பொலித்தீன் சுருள் சுருளாக இருக்கும். கடைக்காரர், ஒரு முஸ்லிம் நானா, அளந்துகொண்டே கேட்டார்.

"மேசை எவ்வளவு பெருசு தம்பி?"

"மேசைக்கு இல்ல நானா. புள்ளட கார் கதிரைக்கு. ஒண்ணுக்குப் போறா."

"கதிரைக்கா? அப்ப புள்ளய ஆரு சுத்துற?"

"வெளயாடாதீங்க நானா."

"வெளயாட்டு இல்ல தம்பி. இது வேர்க்கும். வழுக்கும். எங்கட ராத்தாட வீட்டுச் சோபா செட்டியில போட்டாங்க. வந்த சம்பந்திக்காரன் வழுக்கி நெலத்துல உக்காந்துட்டான்."

நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பொலித்தீன் மேல் ஒரு நம்பிக்கை இருக்கிறது. புது மெத்தை வந்தால் அதன் பொலித்தீனைக் கழற்ற மாட்டோம், அதன் மேலேயே சரசரவென்று படுப்போம். டீவி ரிமோட்டுக்கும் பொலித்தீன். தம்பியின் காரும் கடையிலிருந்து வந்த உறையோடுதான் இன்னும் இருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கிழிந்த ஓரம் தொடையில் குத்தும். கழற்றினால் அன்றோடு பொருள் பழசு என்று எண்ணம். கஷ்டப்பட்டு வாங்கியவனுக்கு அது பழசாகக் கூடாது. அது எனக்கும் விளங்கும்.

அவன் பொலித்தீனை வெட்டி, ஓரங்களைப் பேப்பர் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, பிள்ளைக் கதிரை முழுவதையும் உறை போட்டு மூடினான். தோள் வார்கள் வர மட்டும் இரண்டு துளை வைத்தான். காலுக்கு நடுவில் வருகிற வாரை உள்ளேயே அமுக்கி மூடிவிட்டான். மணம் பிடிப்பது அதுதானே. அந்த வாரின் நுனியில்தான் மற்ற வார்கள் எல்லாம் வந்து பூட்ட வேண்டும். பூட்டை உள்ளே வைத்து மூடிய பிறகு எதில் பூட்டுவது? இரண்டு தோள் வாரையும் பிள்ளையின் வயிற்றுக்கு மேலே கொண்டுவந்து நைலோன் கயிற்றால் முடிந்தான்.

"இது வழுக்கும்டா. கீழ புடிக்க ஒண்ணுமே இல்லியே," என்றேன்.

"கயிறு கட்டியிருக்கேன்ல."

"கயிறு மேல இருக்கு. புள்ள கீழ போனா?"

"எங்க போவா? கூரையப் பிச்சிக்கிட்டா போவா?" என்று கேட்டுவிட்டு, வேலை அழகாக முடிந்த சந்தோஷத்தில் அதைத் தட்டிக் கொடுத்தான்.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக் கோயில் திருவிழா. நான்கு பேரும் காரில் புறப்பட்டோம். வத்தேகம தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கூரையில் கல் கொட்டுவதுபோல அடித்தது. பிள்ளை பொலித்தீன் மேல் வேர்த்து, தொடை ஒட்டி, பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்.

"அத்த, சூச்சூ."

"டேய், நிப்பாட்டு. புள்ளைக்கு ஒண்ணுக்கு வருது."

"இந்த வளைவுலயா? மேல போய் நிப்பாட்டுறேன். அடக்கச் சொல்லுங்க."

"அவளால முடியாதுடா."

அவன் கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தான். பார்த்ததுதான். பிள்ளை போய்விட்டாள். துணியாக இருந்தால் குடித்திருக்கும். இது அவளுக்கு அடியில் குளம்போல நின்று, வளைவுக்கு வளைவு ஆடியது.

"போய்ட்டாளா? நான் கேக்குறேன், போய்ட்டாளா?" என்று அவன் பின்னால் கையை வீசினான். நான் குறுக்கே கையை வைத்தேன், அடி என் மணிக்கட்டில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பஸ், முன்னால் போன ஓட்டோவை வெட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்திலேயே முட்ட வந்தது. அவன் பெண்சாதி கத்தினாள். அவன் பிரேக்கை மிதித்தான்.

நான் முன்சீட்டில் மோதினேன். பல்லில் உதடு கிழிந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இருந்த இடத்தில் பிள்ளையின் முகம் மட்டும்தான் இருந்தது. உடம்பு முழுக்க ஈரப் பொலித்தீனில் சறுக்கிக் கீழே போய்க் கால்கள் அந்தரத்தில் தொங்கின. வயிற்றில் இருந்த கயிறு கழுத்துக்கு வந்திருந்தது. இரண்டு வாரும் இரண்டு பக்கக் கன்னத்தையும் நெரித்துக்கொண்டிருந்தன. கண் பிதுங்கி, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை.

ஒரு கையால் அவளைத் தூக்கிப் பிடித்தேன். மறு கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நைலோன் நனைந்தால் இறுகும். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். என் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி இருந்தது. அதை எடுத்துக் கயிற்றுக்குள் நுழைத்து நெரித்தேன். ஒரு தடவையில் வெட்டவில்லை. மறுபடி நெரித்தேன். பிள்ளையின் தாடையிலும் ஒரு கீறல் விழுந்தது. கயிறு அறுந்தது. என் மடியில் விழுந்த பிள்ளை ஒரு தரம் மூச்சை உள்ளே இழுத்தாள் பாருங்கள், கிழிசல் துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு அலறினாள். அந்த அலறல் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

தாய் பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் இறங்கி, முன் கதவைத் திறந்து, தம்பியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். காலில் இருந்த செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தேன். அவன் என்னைத் தள்ளினான். ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தேன். முட்டி கிழிந்தது. எழும்பி வந்து மறுபடியும் அடித்தேன்.

பஸ் டிரைவர் சண்டைக்கென்றே ஜாக்கிக் கம்பியோடு இறங்கி வந்தவன், இதைப் பார்த்து நின்றுவிட்டான். கூட வந்த கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னான்:

"அம்மாவே நல்லாக் குடுக்கிறா. நமக்கு என்ன வேல? வா போவோம்."

அம்மாவாம். எனக்கு அதில் ஒரு கோபம். "அக்காடா!" என்று அவனுக்கும் ஒரு சத்தம் போட்டேன். அவன் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டான்.

தம்பி மழையில் நின்றான். அப்போதுதான் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தான். கயிறு கிடந்த இடம் தடித்து நீலமாகிக்கொண்டு வந்தது. கிட்டப் போய்க் கையை நீட்டினான். பிள்ளை தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, "அப்பா அடிக்காத, அப்பா அடிக்காத" என்று கத்தினாள்.

"ஏறு. டிஸ்பென்சரிக்குப் போவோம்," என்றான் பெண்சாதியிடம்.

"மேலதான் இருக்கு, எனக்குக் காலு இருக்கு. நான் நடந்து போறேன்."

"மழையில..."

"நனைஞ்சா நனையுது. ஒங்க கார் நனையாம இருக்கட்டும். மதினி, வாங்க."

அவள் ஒருநாளும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. பிள்ளைக்குத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அவள் மேட்டில் ஏறினாள். நான் ஒரு செருப்போடு பின்னால் நடந்தேன்.

பின்னால் கிழிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவன் பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து அந்தப் பொலித்தீனைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கையால் இழுத்தான், வரவில்லை. பல்லால் கடித்தான். தடித்த ஓரம் உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்தது, அவன் நிறுத்தவில்லை. பிள்ளைக் கதிரையில் இருந்ததைப் பிய்த்து முடித்து, கார் சீட்டுகளின் உறையையும் ஒவ்வொன்றாக உரித்து எறிந்தான். பிறகு காரைக் கிளப்பி எங்கள் பின்னாலேயே நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தான். அவனுக்குப் பின்னால் லொறி, ஓட்டோ, வான் எல்லாம் வரிசையாகச் சேர்ந்து ஹோர்ன் அடித்தன.

கொஞ்சத் தூரம் போனதும் பிள்ளை தாயின் தோளில் நெளிந்தாள். "சூச்சூ." அழுதழுது தொண்டை கட்டிய குரல்.

ரோட்டோரத்தில் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் அவளைக் குந்த வைத்தோம். தம்பி காரை ரோட்டுக்குக் குறுக்கே விட்டு இறங்கினான். பின்னால் வந்த லொறிக்காரன் தலையை நீட்டி ஏசினான். தம்பி அவனிடம் ரத்தக் கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

"என் புள்ள ஒண்ணுக்குப் போகுது! முடியுற வரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாது!"

ஆனால் பிள்ளை போகவில்லை. குந்தியபடியே அவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். உடம்பு இறுகியது. வரவேண்டியது வரவில்லை.

"என்ன, போ கண்ணு," என்றான் அவன். அவள் இன்னும் இறுகினாள்.

"நீ அங்கிட்டுத் திரும்புடா," என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் விழுந்துவிட்டது. பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை இடுப்புக்குப் பின்னால் கட்டினான்; அதுவும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தானோ என்னவோ, மறுபடி முன்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு நின்றான். எதிரே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தவர்களை இப்போது அவன் ஏசவில்லை. ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றான்.

மழை இலையில் விழுகிற சத்தத்துக்குள் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆனது. அப்புறம் பிள்ளை தோளைத் தளர்த்தினாள்.

"போய்ட்டியாம்மா?" என்று அவன் திரும்பாமல் கேட்டான்.

பிள்ளை தாயிடம் கையை நீட்டினாள். தாய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிப் பக்கம் நடந்தாள். அவன் முந்திப் போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்தான். நாங்கள் அதைத் தாண்டிப் போனோம்.